பன்னிரண்டு சுவர்களும் என் பெயரும்

அவர்கள் என் பெயரைப் போடவில்லை. ஆகவே இதில் நானும் அவர்கள் ஒருவர் பெயரையும் போடப் போவதில்லை. கணக்குத் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் சொந்தப் பெயரையும் விட்டுவிடுகிறேன். அதற்கு வேறு காரணம் உண்டு.

வெள்ளைக்காரன் ஆட்சி இன்னும் அசையாமல் நிற்கிறது என்று அவனும் நாங்களும் நம்பிக்கொண்டிருந்த கடைசி வருடங்கள் அவை. கட்டிடங்கள் கட்டும் ஒரு சர்க்கார் கந்தோரில் படம் கீறுபவனாக இருந்தேன். எஞ்சினியர்மார் மனதில் நினைப்பதை நான் மையால் கீறுவேன். அவர்கள் தவறாக நினைத்தால் தவறாகக் கீறுவேன். இருபது வருடம் அப்படிச் செய்ததில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் குறை.

குடியிருப்பு கொட்டாஞ்சேனையில். தோட்டம் என்று கொழும்பில் சொல்லும் ஒட்டு வீட்டு வரிசையில் முப்பது குடும்பத்துக்கு இரண்டு பைப். காலையில் அதில் முகம் கழுவி முடிப்பதே ஒரு நாள் வேலைக்குச் சமம். அங்கிருந்து ட்ராமில் புறக்கோட்டை, புறக்கோட்டையில் பஸ் பிடித்து வெள்ளவத்தை. ஏனென்றால் அந்த வருடம் எங்கள் கந்தோருக்கு விஞ்ஞானம் பிடித்திருந்தது.

வெள்ளவத்தையில் கடலோரம் கட்டிய வீடுகள் எல்லாம் வியர்த்தன. கட்டி ஒரு மழைக்காலம் போனதும் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு பூச்சு பொடிப்பொடியாக உதிரும். விருந்தாளி சுவரில் சாய்ந்து எழும்பினால் முதுகில் சுவரின் பாதி இருக்கும். இதற்கு மருந்து காண வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். திட்டத்தின் பெயர் கூட்டு ஆராய்ச்சி. எங்கள் கந்தோரும் இன்னொரு கந்தோரும் சேர்ந்து செய்வது. இரண்டு கந்தோர்களும் அதுவரை ஒரு ஏணியைக்கூட ஒன்றுக்கொன்று இரவல் கொடுத்ததில்லை.

காலி நகருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் வெறும் நிலம் கிடைத்தது. அதில் கபுக் என்ற செம்புரைக் கல்லால் பன்னிரண்டு சின்னச் சுவர்கள் கட்டினோம். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம், நான்கு முழ அகலம். வரிசையாக, வீதிப் பக்கமிருந்து கடல் பக்கம் வரை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான பூச்சு. நான் காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி வருபவன். ஆகையால் வீதிப் பக்கச் சுவருக்கு ஒன்று என்று தாரால் எழுதி, கடைசியாகக் கடல் பக்கச் சுவருக்குப் பன்னிரண்டு என்று எழுதினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அன்று நினைத்தேன்.

பூசியவர் ஜிந்துப்பிட்டியில் இருந்த ஒரு மேசன். ஐம்பது வயதிருக்கும். இந்தியாவில் பிறந்து கொழும்பில் பூசிப் பூசியே வளர்ந்தவர். மேசனைக் கொழும்பில் பாஸ் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். எங்கள் பட்டியல்படி பதினொரு சுவரையும் ஒரு சொல் பேசாமல் பூசினார். மூன்றாவது சுவருக்கு மட்டும் தன் மணலைக் கொண்டுவந்தார். கடல் மணல்தான். ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் கொட்டி, வாராவாரம் கிளறிக் கிளறி மழையில் நனைய விட்ட மணல்.

"மழை கழுவின மணலுல உப்பு நிக்காதுங்க ஐயா. கொஞ்சம் பொறுத்திருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

பொறுத்திருப்பது எங்கள் கந்தோருக்குப் பழக்கமான விஷயம் என்றபடியால் அனுமதித்தோம். அதற்கு நேர் எதிரி பத்தாவது சுவர். கரையிலிருந்து அள்ளிய மணலை அப்படியே சீமெந்தில் கலந்து, சீமையிலிருந்து டின்னில் வந்த ஒரு பொடியை மேலே தூவியது. பொடி டின்னில் ஒரு குடை பிடித்த பெண்ணின் படம் இருந்தது. அவள் நனையவில்லை.

உப்பை அளப்பது எப்படி? இதைப் பற்றி மூன்று கூட்டம் நடந்தது. லண்டனிலிருந்து ஒரு கருவி எடுப்பிக்கலாம் என்றார்கள். அது வர ஒரு வருடம் ஆகும் என்று தெரிந்ததும் எங்கள் எஞ்சினியர் ஐயா என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளவத்தையில் சொந்த வீடு, நெற்றியில் திருநீறு, வாயில் எப்போதும் இங்கிலீஷ்.

"தம்பி, உமக்கு நாக்கு இருக்குத்தானே?"

"ஓம் சேர்."

அத்துடன் கருவி கிடைத்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் ஒவ்வொரு சுவரிலும் விரலைத் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, பூச்சியத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் இடையில் வாய் கொப்புளிக்க ஒரு போத்தல் தண்ணீர். ஒழுங்கையால் போகிற சனம் நின்று பார்க்கும். சிங்களப் பெண் ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கமாகப் போனாள். நான் சர்க்கார் வேலை செய்கிறேன் என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

தையிலிருந்து ஆடி வரை சுவர்களை நக்கினேன். மூன்றாம் சுவர்: பூச்சியம், பூச்சியம், பூச்சியம். பத்தாம் சுவர்: மூன்று, நான்கு, ஐந்து. பாஸின் சுவரில் நாக்கு வைத்தால் வெறும் மண்தான். மற்றவை எல்லாம் நடுவில் அங்கும் இங்குமாக. எழுதிய கொப்பியை ஒவ்வொரு முறையும் பாஸ் வந்து எட்டிப் பார்ப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பூச்சியம் எப்படியிருக்கும் என்று தெரியும். அதைக் கண்டால் சிரிப்பார்.

"ஐயா, பெரிய துரைமாருகிட்ட இதைச் சொல்லுவீங்கதானே? நான் பூசினதுன்னு."

"சொல்லாமல் விடுவனே?" என்றேன்.

ஒப்பந்தப்படி முதல் அரை வருடம் எங்கள் கந்தோர் பார்க்கும், இரண்டாம் அரை வருடம் மற்றக் கந்தோர் பார்க்கும். அவர்களின் ஆள் ஒரு ஓவர்சியர். மொரட்டுவைச் சிங்களவர், நல்ல மனிதர், வாய் நிறைய வெற்றிலை. ஆடிவேல் திருவிழாவுக்கு முதல் நாள் கொப்பியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், லீவு எடுத்தேன். கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு வேல் பார்க்காமல் விட்டால் மனுசி சோறு போடமாட்டாள்.

நான் தேரின் பின்னால் போய்க்கொண்டிருந்த அந்தக் கிழமையில்தான் லண்டனிலிருந்து ஒரு பெரிய துரை சோதனைக்கு வந்தார். சர்க்கார் நிலத்துக்கு வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்றால் அந்தக் காலத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். அசையாமல் நிற்கும் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிக்க வேண்டும். வீதியோரக் கல், தென்னை மரத்தின் அடி, கிணற்றுக் கட்டு, வேலிக் கட்டை, எல்லாம். ஒரு மாடு அரை மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அதற்கும் அடித்திருப்பார்கள். ஆகவே கூலிக்காரர் வந்து பன்னிரண்டு சுவருக்கும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அடித்தார்கள். ஆறு மாதம் உப்பு எப்படிப் பூக்கிறது என்று காத்திருந்த சுவர்களுக்கு. பூத்த உப்பும் போயிற்று, தாரில் நான் எழுதிய இலக்கங்களும் போயிற்று.

துரை வந்து, "மிகச் சுத்தமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் சொன்னது உண்மை.

பிறகு ஓவர்சியர் புதிதாக இலக்கம் எழுதினார். அவர் மொரட்டுவையிலிருந்து ரயிலில் வருபவர். வெள்ளவத்தை ஸ்டேஷன் கடலோரத்தில் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது கடல் பக்கச் சுவர். அதற்கு அவர் ஒன்று என்று எழுதினார். அடுத்ததுக்கு இரண்டு. அப்படியே நடந்து வந்து, நான் பஸ்ஸால் இறங்கும் பக்கத்துச் சுவருக்குப் பன்னிரண்டு என்று முடித்தார். அவருக்கும் இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கூட்டு ஆராய்ச்சியில் இரண்டு பேரும் அவரவர் வாசலிலிருந்து எண்ணினோம்.

நாக்கை வைக்கும் வேலையை அவர் செய்யவில்லை. வெற்றிலை நாக்கில் எதை வைத்தாலும் சுண்ணாம்புதான் தெரியும் என்று அவரே சொன்னார். வெள்ளை உரிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போட்டார். அதை ஒழுங்காகத்தான் போட்டார். குறை சொல்ல எனக்கு வழியில்லை.

மார்கழி முடிய இரண்டு கொப்பிகளும் என் மேசைக்கு வந்தன. வரைபடம் கீற வேண்டும். பன்னிரண்டு சுவருக்குப் பன்னிரண்டு கோடு, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். ஆடிவேல் சமயத்தில் மூன்று கிழமைக்குப் பதிவு இல்லை. வெள்ளை காயும் வரை அளக்கவில்லையாம். எஞ்சினியர் ஐயாவிடம் கேட்டேன்.

"புள்ளிக் கோட்டால சேர்த்து விடும்" என்றார்.

சேர்த்தேன். கீழே கிடந்த மூன்றாம் கோடு விறுவிறென்று மேலே ஏறியது. மேலே இருந்த பத்தாம் கோடு கீழே இறங்கியது. முதலாம் கோடும் பன்னிரண்டாம் கோடும் இடம் மாறின. இரண்டும் பதினொன்றும் மாறின. பன்னிரண்டு கோடுகளும் சோடி சோடியாக ஒரே கிழமையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. பார்க்க மிக அழகாக இருந்தது. இருபது வருடத்தில் அவ்வளவு அழகான படம் நான் கீறியதில்லை.

எஞ்சினியர் ஐயா அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கதிரையிலிருந்து எழும்பினார்.

"தம்பி, இது என்னெண்டு விளங்குதா உமக்கு?"

"இல்லை சேர்."

"எனக்கு விளங்குது."

அவருக்கு விளங்கியது இது: புதிய சுவரில் உப்பு முதலில் ஒரு விதமாக நடக்கும், ஒரு பருவம் போனதும் மறுவிதமாகத் திரும்பும். முதலில் வியர்த்த சுவர் பிறகு காய்ந்துபோகும், முதலில் காய்ந்திருந்த சுவர் பிறகு வியர்க்கும். இதற்குப் பருவத் திரும்பல் என்று பெயர் வைத்தார். உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காதது. நான் கண்டுபிடிக்காததும் அதுதான். நானும் இது உண்மையென்று நம்பி, மனுசியிடம் போய்ப் பெருமையடித்தேன். இயற்கையின் விதி என்று அவர் சொன்னது முழுவதும் என் புள்ளிக் கோட்டுக்குள் இருந்தது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அதோடு அந்த விதி எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மணலைக் கழுவத் தேவையில்லை, ஒரு மழைக்காலம் பொறுத்திருக்கத் தேவையில்லை. கரையில் அள்ளு, பொடியைத் தூவு, பூசு. எங்கள் கந்தோரின் தலைமைத் துரை படத்தைப் பார்த்துவிட்டு, எஞ்சினியர் ஐயாவுடன் முதல் தடவையாகக் கை குலுக்கினார். கட்டிடக்காரர் சங்கத்தில் இதை ஒரு கட்டுரையாக வாசிக்க வேண்டும் என்று தீர்மானமானது. அந்தச் சங்கம் வருடாவருடம் நல்ல கட்டுரை ஒன்றுக்குப் பதக்கம் கொடுக்கும்.

கட்டுரையில் ஒரு அளவு விடுபட்டிருந்தது என்று ஒரு சனிக்கிழமை காலை என்னை வெள்ளவத்தைக்கு அனுப்பினார்கள். காலி வீதியில் இறங்கி ஒழுங்கைக்குள் போனேன். முதல் சுவரில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது.

நின்றேன். இரண்டாவது சுவரில் பதினொன்று. கால் தன்பாட்டில் நடந்து மூன்றாவது சுவருக்குப் போயிற்று. வெயிலில் பளிச்சென்று, ஒரு இடமும் உரியாமல் நின்றது. அதன் நெற்றியில் பத்து. அதே ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு மதில் பூசிக்கொண்டிருந்த பாஸ் என்னைக் கண்டுவிட்டுக் கரண்டியோடு வந்தார்.

"ஐயா, என் சுவத்துக்கு வேற நம்பர் போட்டிருக்காங்களே. மூணு இப்படி இருக்காதே. மூணுன்னா ஐயா காட்டினீங்களே, பிள்ளைக் காது மாதிரி."

"எப்ப போட்டது?"

"வேலு முடிஞ்ச கையோட. எல்லாத்தையும் தலைகீழாப் போட்டுட்டாங்க. அந்த ஓவர்சியர்கிட்ட சொன்னேன். ஒக்கோம ஹரி, எல்லாம் சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஐயா சொல்லிடுங்க."

எழுத்து வாசிக்கத் தெரியாத மனிதர் பார்த்த உடனே கண்டதை, படித்த நாங்கள் மூன்று பேர் மூன்று மாதமாகக் காணவில்லை. சொல்லிவிடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நேரே எஞ்சினியர் ஐயா வீட்டுக்கு நடந்தேன். அங்கிருந்து பத்து நிமிட நடை. நடக்கும்போது எப்படிச் சொல்வது என்று இங்கிலீஷிலும் தமிழிலும் மாறிமாறிப் பழகிக்கொண்டேன்.

அவர் விறாந்தையில் நின்று, கதிரையில் இருந்த தன் மனைவிக்குக் கட்டுரையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கண்ணைத் திறந்தபடியே நித்திரை கொள்ளும் வித்தை தெரிந்தவர். என்னைக் கண்டதும் ஐயாவுக்கு ஒரே சந்தோஷம்.

"வாரும் தம்பி, வாரும். உமக்கு ஒண்டு காட்ட வேணும்."

டைப் அடித்த முதல் பக்கத்தை நீட்டினார். தலைப்பு. அதன் கீழே தலைமைத் துரையின் பெயர். அதன் கீழே ஐயாவின் பெயர். அதன் கீழே மூன்றாவதாக, முழு எழுத்தில், முதலெழுத்துகளோடு, என் பெயர்.

"கூட்டு ஆராய்ச்சி எண்டால் எல்லாரின்ரை பேரும் வரத்தானே வேணும். உம்மடை நாக்கு இல்லாட்டி இது நடந்திருக்குமே?"

இதுவரை என் பெயர் டைப் எழுத்தில் இருந்ததை நான் கண்டது சம்பளப் பட்டியலில் மட்டும்தான். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

"என்ன, ஏதும் சொல்ல வந்தனீரோ?"

"இல்லை சேர். அளவு எடுத்திட்டன். அதைத் தர வந்தனான்."

அந்த அம்மா தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். சுவரை நக்கிய நாக்குக்குச் சீனி போட்ட தேத்தண்ணி.

கோட்டையில் சங்க மண்டபத்தில் கட்டுரை வாசிப்பு. உறுப்பினர்களுக்குக் கதிரை, கீழ் அலுவலருக்குப் பின்சுவர். நான் மேடையில்தான் இருந்தேன். ஏனென்றால் வரைபடத்தை மாட்டிவிட்டு, அதன் கீழ் மூலை சுருளாமல் பிடித்துக்கொண்டிருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரு மணித்தியாலம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐயா நன்றாக வாசித்தார். என் நாக்கைப் பற்றிய இடத்தில் "உணர்வுமுறை அளவீடு" என்று வந்தது. அதைக் கேட்டு நானே என்னை மதித்தேன். பழைய மேசன்மார் மணலை மழையில் போடுவது ஒரு மூடநம்பிக்கை என்று வந்த இடத்தில் சபை மெல்லச் சிரித்தது. அப்போது படத்தின் மூலை என் கையிலிருந்து ஒருமுறை நழுவியது. திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் பின்வரிசையில் ஒல்லாந்தர் வழிவந்த ஒரு கிழட்டுப் பறங்கிக் கட்டிடக்காரர் எழும்பினார். ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"பன்னிரண்டு சுவரும் ஒரே கிழமையில் மனம் மாறியது எப்படி?"

நான் படத்தின் பின்னால் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது என்னிடம் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று அந்த நேரம் உண்மையாகவே நினைத்தேன். படம் பிடிப்பவனிடம் யார் கேட்பார்கள்?

தலைமைத் துரை எழும்பாமலே, "மொன்சூன்" என்றார்.

சபை முழுவதும் தலையாட்டியது. இலங்கையில் மொன்சூன் என்ற சொல்லுக்கு எதிர்க்கேள்வி கிடையாது. கை தட்டினார்கள். பிறகு பற்றிஸ் பலகாரமும் தேத்தண்ணியும். ஒருவரையொருவர் பாராட்டினார்கள். போன வருடம் பாராட்டியவரை இந்த வருடம் மற்றவர் பாராட்டினார். யாரும் யாரின் சுவரையும் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் சுவரைத் தொட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பதக்கம் கிடைத்தது. கட்டுரை அச்சாகி வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு பெயர்கள். மூன்றாவது இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள். பொடி அனுப்பிய கொம்பனிக்கு, நிலம் தந்த கந்தோருக்கு, கூட்டத்தில் தேநீர் பரிமாறிய துரைசானிக்கு, "மற்றும் கீழ் அலுவலர்களுக்கு". ஐயாவிடம் போய் நின்றேன்.

"சங்கத்து விதி தம்பி. மெம்பர்மாரின்ரை பேர்தான் போடலாமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தனான். உம்மை நாங்கள் மறக்கமாட்டம்" என்றார்.

அப்போதாவது போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். பெயர் வராத கோபத்தில் கதை கட்டுகிறான் என்றிருப்பார்கள். அதுவும் முழுப் பொய்யாக இருந்திருக்காது. வாயை மூடிக்கொண்டேன். மூடி மூடி அது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

என்னை மறக்கவும் இல்லை. பதக்கம் வாங்கிய முறைப்படி, கீழ் அலுவலருக்கென்று வெள்ளவத்தையில் ஒரு வரிசைக் குவாட்டர்ஸ் கட்டினார்கள். அதில் ஒன்றை எனக்குத் தந்தார்கள். மனுசி கொட்டாஞ்சேனைப் பைப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் புறப்பட்டாள். பூச்சு வேலை முடியுமுன் நான் பார்க்கப் போனேன். உள்ளே பாஸ். பக்கத்தில் கரையிலிருந்து நேரே வந்த ஈர மணல், குடை பிடித்த பெண்ணின் டின்.

"ஐயா, இந்த மணல்ல பூசச் சொல்றாங்களே. நீங்க சொல்லலையா?"

"சொன்னனான் பாஸ். அவை கேக்கேல்லை."

பொய். ஒரு நொடிகூட யோசிக்காமல் வந்தது. அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

"பாவம், நீங்க என்ன செய்வீங்க. எனக்காகச் சொன்னீங்கல்ல, அதே போதும்."

குடிபோன பிறகுதான் அவர் என்ன செய்திருந்தார் என்று தெரிந்தது. முன்னறையின் ஒரு சுவரை மட்டும், ஜிந்துப்பிட்டியிலிருந்து தன் சொந்த மணலைச் சாக்கில் கொண்டுவந்து பூசியிருக்கிறார். யாருக்கும் சொல்லவில்லை. அவருக்காகப் பேசியவனுக்கு ஒரு கைமாறு.

முதல் மழையோடு வரிசை முழுவதும் வியர்த்தது. குழந்தைகளின் படுக்கை நனைந்தது, சாமிப் படத்தின் பின்னால் உப்புப் பூத்தது, பூச்சு உதிர்ந்து சோற்றில் விழுந்தது. என் வீட்டிலும்தான். பழக்க தோஷத்தில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். ஐந்து. திரும்பல் வரும், ஒரு பருவம் பொறுங்கள் என்று ஐயா எழுதி அனுப்பினார். ஒரு பருவம் பொறுத்தோம். கூரைவரை ஏறியது. முன்னறைச் சுவர் மட்டும் பூச்சியம்.

குடியிருந்தவர்கள் மனுப் போட்டார்கள். விசாரணைக்கு ஐயாவும் ஓவர்சியரும் வந்தார்கள். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்ததும், முன்னறைச் சுவரில் ஐயா உள்ளங்கையை வைத்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீரே தம்பி! இந்தச் சுவர் எப்பிடிக் காய்ஞ்சிருக்கு? இதிலை பொடி சரியாப் போட்டிருக்கிறான். மற்றதுகளிலை போடாமல் களவெடுத்திருக்கிறான். முறையிலை பிழையில்லை, மேசனிலைதான் பிழை."

ஓவர்சியர் என்னைத் தம்பி முறை கொண்டாடி, "ஒக்கோம ஹரி, மல்லி" என்று சிரித்தார்.

அறிக்கை மறுநாளே டைப் அடித்து வந்தது. மேசன் கவனயீனமாகவும் நேர்மையில்லாமலும் பூசினான். அவனை வேலைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். வீட்டில் குடியிருப்பவனும் ஆராய்ச்சியில் வேலை செய்தவனும் நான் என்பதால் என் கையெழுத்தும் தேவையாம்.

"இந்த முறை உம்மடை பேர் கட்டாயம் வரும்" என்றார் ஐயா. "முதலாவதாப் போட்டிருக்கு, பாரும்."

பார்த்தேன். மூன்று பெயர்களில் முதலாவது. முழு எழுத்தில். எல்லாக் கந்தோருக்கும் அச்சடித்து அனுப்பப் போகும் தாள். மறுத்திருந்தால் வேலை போயிருக்காது. குவாட்டர்ஸ் போயிருக்கலாம்; அதுவும் நிச்சயமில்லை. ஏன் போட்டாய் என்று பிறகு என் மனுசி கேட்டாள். கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மடித்த ஒரு தாள். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. மனுசி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, முன்னறையில் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"வேலை இல்லைன்னுட்டாங்க ஐயா. எந்தக் கந்தோருக்குப் போனாலும் இந்தக் காகிதத்தைக் காட்டுறாங்க. இங்கிலீசுல இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. உங்களை விட்டா எனக்கு யாரு வாசிச்சுச் சொல்லுவா?"

வாசித்தேன். கவனயீனம் என்பதை வாசித்தேன். களவு என்பதை மெதுவாக வாசித்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு யாரு ஐயா கையெழுத்துப் போட்டிருக்கா? பேரைச் சொல்லுங்க. போய்க் கேக்கணும்."

தாளின் அடியில் மூன்று பெயர்கள் இருந்தன. எஞ்சினியர் ஐயாவின் பெயரை வாசித்தேன். ஓவர்சியரின் பெயரை வாசித்தேன். தாளை மடித்தேன்.

"ரெண்டு பேருதானா?"

"ஓம் பாஸ்" என்றேன். "ரெண்டு பேர்தான்."

அவர் தாளை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். போகுமுன் தன் சுவரை உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"காஞ்சுதான் இருக்கு" என்றார். "உங்களுக்காவது ஒன்னு ஒழுங்கா அமைஞ்சுதே ஐயா."